பளபளக்கிற பக்கம்

"ரோசாக் சாமானைத் தலையில கட்டிட்டியே தம்பி," என்று பவுனம்மாள் அக்கா விசிடியை உறையோடு என் மேசைமேல் வைத்தார்.

எனக்குச் சுருக்கென்றது. பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் வைத்து, விசேஷ வீட்டு டேப்புகளை விசிடியாக்கிக் கொடுப்பவன் நான். மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் ஏழெட்டு அடித்துத் தள்ளுவார்கள். நான் ஒன்றே ஒன்றை, மெதுவான வேகத்தில், பக்கத்திலேயே உட்கார்ந்து அடிப்பேன். என்னைப் பார்த்து ரோசாக், கெட்டுப்போன சாமான் என்றால் எப்படி இருக்கும்?

அதிலும் இந்த அக்காவின் டேப்பு வந்த கோலம் எனக்குத்தான் தெரியும். முழுக்கப் பூஞ்சை பூத்திருந்தது. ஒருமுறை ஓடி முடித்ததோடு அறுந்துபோயிற்று. கம்ப்யூட்டரில் ஏற்றியதையும் இடம் போதாமல் அழித்துவிட்டேன். கிள்ளானில் அவர் வீடு குடிபோன விசேஷம் இனி இந்த ஒரு விசிடியில் மட்டும்தான் இருக்கிறது.

இதுவும் போனால் போனதுதான்.

அது அக்காவுக்கும் தெரியும். அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் கூடுதலாக இருந்தது.

விசிடியைக் கொண்டுபோனதும் முதலில், ஓடவே இல்லை என்று போன் வந்தது. விசாரித்தால், பளபளக்கிற பக்கம் மேலே தெரிகிற மாதிரி போட்டிருக்கிறார். அதுதான் அழகாக இருக்கிறதாம். "படமெல்லாம் அந்தப் பளபளக்கிற பக்கத்துலதான் இருக்குக்கா, அது கீழ பார்க்கணும்," என்றேன். ஓடியது.

அப்புறம், நின்று நின்று ஓடுகிறதாம். மெல்லிய துணியால் துடைக்கச் சொன்னேன். துடைத்தால் சரியாகும், சனிக்கிழமையானால் மறுபடியும் போன் வரும். பக்கத்து வீட்டில் யாரிடமாவது காட்டுங்கள் என்றால், "எனக்கு யாரு இருக்கா தம்பி?" என்பார்.

இப்போது ஒரேயடியாக நின்றுவிட்டது. எப்படியும் வரமாட்டார் என்ற தைரியத்தில், பிளேயரையும் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லித் தொலைத்தேன். துண்டில் சுற்றி, பாசார் பையில் போட்டு, கொமுட்டர் ரயில் ஏறிக் கொண்டுவந்துவிட்டார்.

பிளேயரை என் டிவியில் மாட்டி வேறொரு விசிடியைப் போட்டேன். கண்ணாடி மாதிரி ஓடியது. ஆக, கோளாறு என்னுடையதில்தான். மனதுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டே அக்காவின் விசிடியை உறையிலிருந்து எடுத்துத் திருப்பினேன்.

பளபளக்கிற பக்கத்தில் காய்ந்துபோன சந்தனம். அதன்மேல் குங்குமம்.

"இது என்னக்கா, மாடா? யாராச்சும் விசிடிக்குப் பொட்டு வைப்பாங்களா லா?"

"படம் அந்தப் பக்கம் இருக்குன்னு நீதானே சொன்ன," என்றார். "படத்துக்குத்தானே பொட்டு வைக்கணும்."

பொட்டு வைக்கிற படம் எதுவென்று எனக்குத் தெரியாதா? உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு எந்த வீட்டிலும் வைப்பதில்லை. அவர் வீட்டில் மாட்டிவைக்க ஒரு போட்டோகூட இல்லையாம். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் சாமி மேடையில் இதைத்தான் வைத்துக் கும்பிடுகிறாராம்.

மாடா என்று கேட்ட வாயில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுச் சோப்பு விட்டு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி மெல்லத் துடைத்தேன். குங்குமம் இறங்கிவிட்டது. சந்தனம் இருந்த இடத்தில் மெல்லிய கீறல்கள். வட்டமாகத் தேய்த்திருக்கிறார், பாவம். ஈரம் போக ஒற்றியெடுத்து உள்ளே தள்ளினேன்.

டிவி கறுப்பாகவே இருந்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளே தட்டு சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

படம் வந்தது.

பந்தி நடக்கிறது. வெள்ளைச் சட்டையை மடித்துவிட்ட ஒரு மனிதர் சாம்பார் வாளியோடு போகிறார். சட்டென்று நின்று, கேமராவுக்குப் பின்னால் யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். "பவுனு, நீ சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லைங்க," என்று டிவியைப் பார்த்துப் பதில் சொன்னார் அக்கா.

வீட்டுக்காரர்தான் என்று புரிந்தது. அப்போதுதான் அக்காவைச் சரியாகப் பார்த்தேன். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி. காலம் மாறிவிட்டது, இப்போதெல்லாம் சிலர் எடுப்பதில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"எப்பக்கா தவறிட்டாரு?" என்று மெல்லக் கேட்டேன்.

"யாரு, அவரா? செராஸ்லதான் இருக்காரு. அங்க அவருக்கு வேற குடும்பம் இருக்கு."

என் கையிலிருந்த துணி ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான் செத்துட்டேன்னு நினைச்சுக்கன்னு சொல்லிட்டுப் போனாரு தம்பி. அவரு சொல்லி நான் எதைச் செய்யாம இருந்திருக்கேன்?"

ஏதாவது ஆறுதலாகச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.

பேசாதே என்று அக்கா கையைக் காட்டினார்.

"சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு. இன்னொரு தடவை கூப்பிடுவாரு."