உள்ளே மைனஸ்

அடாப்டரின் மேல் ஒட்டியிருந்த தாள் தேய்ந்து வெள்ளையாகியிருந்தது. எது பிளஸ், எது மைனஸ் என்று சொல்ல அதில் ஒரு கோடுகூட மிச்சமில்லை.

பழைய அடாப்டரை எலி கடித்துவிட்டது. கணவரின் மூடிப்போன ரேடியோ கடைச் சாமான் பெட்டியைக் கவிழ்த்து, முனை பொருந்துகிற ஒன்றை அவள் தேடி எடுத்திருந்தாள்.

அவருக்கு அது உடனே வேண்டும். பக்கவாதத்தில் பேச்சு போனதிலிருந்து மடியில் கிடக்கும் கருவிதான் அவருடைய வாய். அசைகிற இடது கையின் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டுவார். ஓர் இளம்பெண்ணின் குரல் அதைப் படிக்கும். ரயில் வருகிறது என்று அறிவிக்கிற மாதிரி, அவ்வளவு மரியாதையான குரல்.

அந்தக் குரல்தான் அவளைத் தினமும் மண்டு என்றது.

சாயங்காலம் மகள் வருகிறாள். அம்மாவின் லட்சணத்தை அவளிடம் எடுத்துச் சொல்ல, காலையிலிருந்து தட்டித் தட்டிச் சேமித்து வைத்திருந்தார். சார்ஜ் தீரப்போகிறது. கருவி போனால் இன்னொன்று கிடைக்காது, இந்த வகையைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள்.

அவள் அடாப்டரைச் சுவரில் மாட்டிவிட்டு மீட்டரை எடுத்தாள். கடையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து திட்டு வாங்கிக்கொண்டே சால்டரிங் வைத்த கை அது.

மீட்டரின் சிவப்பு முனையை அடாப்டர் முனையின் துளைக்குள் விட்டாள். கறுப்பை வெளி உலோகத்தில் வைத்தாள். மீட்டர் திரையில் ஒன்பது வந்தது. அதற்கு முன்னால் ஒரு சின்னக் கோடு.

அப்படியென்றால் உள்ளே மைனஸ். கருவிக்கோ உள்ளே பிளஸ் வேண்டும். சார்ஜ் துளைக்குப் பக்கத்தில் படமே போட்டிருக்கிறது. இப்படியே செருகினால் புகைந்துவிடும். வயரை வெட்டி, இரண்டையும் மாற்றி முறுக்கி, டேப் சுற்றினால் தீர்ந்தது வேலை.

அதை அவரிடம் சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்தாள்.

அவர் விரல் எழுந்தது. அவர் தட்டி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். அவள் அளந்தால் அது தப்பாகத்தான் இருக்கும் என்பது கல்யாணமான நாளிலிருந்து அவர் கண்ட முடிவு.

"மீட்டரையே மாத்திப் புடிச்சிருக்கே, மண்டு. வெட்டாம அப்படியே செருகு" என்றது குரல்.

அவளுக்குக் கோபம் வந்தது. அது வழக்கமானதுதான். கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. அது புதிது.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். மீட்டரை அவர் மடியில், கருவிக்குப் பக்கத்திலேயே வைத்தாள். சிவப்பு உள்ளே, கறுப்பு வெளியே. நிதானமாக, குழந்தைக்கு எழுத்துக் காட்டுகிற மாதிரி, அவர் நன்றாகப் பார்க்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் பார்த்தார். சிவப்பைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். தொழில் தெரிந்தவர், முகம் வெளிறியது.

விரல் அவசர அவசரமாக எழுத்தைத் தேடியது. 'வே' விழுந்தது. 'ண்' விழுந்தது.

அவர் முதலில் சொன்னபடியே அவள் செருகினாள்.

லேசாக ஒரு சத்தம். பிறகு கருகல் வாடை. திரை அணைந்த பிறகும் அவர் மிச்ச எழுத்துகளைத் தட்டி முடித்தார்.

அவள் ஜன்னலைத் திறந்துவிட்டாள். அவர் வாயோரத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டாள். மகள் வருவதற்குள் காபிக்குப் பால் வைத்தாள்.

மகள் வாசலிலேயே மூக்கைச் சுளித்தாள். அப்பாவின் மடியில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, என்னம்மா ஆச்சு என்று பதறினாள். அவர் தொண்டையிலிருந்து ஏதோ கிளம்பியது. அது வார்த்தையாகவில்லை.

"அப்பாதான் செருகச் சொன்னாரு, செருகினேன். வேணும்னா அவரையே கேளு."