பேர் சொல்லாத குடும்பம்

"கடலில செத்த உங்கட மனுசன்ரை பேரை ஏனம்மா ஒருதரும் சொல்லுறேல்லை?"

நெடுந்தீவில், அந்தோனியம்மாவின் முற்றத்தில் நின்றபடியே தாரிகா கேட்டுவிட்டாள்.

அந்தோனியம்மா நிமிரவில்லை. வலையில் சிக்கிய நண்டொன்றைக் கால் முறியாமல் கழற்றிக்கொண்டிருந்தாள்.

தாரிகா பல்கலைக்கழகத்தில் மானிடவியல் கற்பிப்பவள். அந்தத் துறையின் கோட்பாடுகள் எப்படி மாறிவந்தன என்பது அவளுடைய பாடம். இருபது வருடமாக இந்த வீட்டைப் பற்றிச் சொல்லித்தான் அதைத் தொடங்குகிறாள். வீட்டை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

எண்பத்து நான்கில் இங்கே வந்து தங்கிய ஒரு வெள்ளைக்காரி தன் நூலில் எழுதியிருந்தாள்: புருஷனைக் கடலுக்குக் கொடுத்த இளம்பெண், அவன் பெயரை அவளும் சொல்வதில்லை, ஊரும் சொல்வதில்லை.

துக்கம் ஊரைக் குலைத்துவிடாமல் காக்கிற ஏற்பாடு என்று அந்த வெள்ளைக்காரி விளக்கினாள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதில் கடலுக்கும் கரைக்குமான எதிர்நிலையைக் கண்டார்கள். அடுத்த தலைமுறைக்கு அந்த மௌனம் ஒரு குறியீடு. அதற்கும் பிறகு வந்தவர்கள் வெள்ளைக்காரியின் பார்வையே பிழை என்றார்கள்.

இவர்களில் ஒருவரும் நெடுந்தீவுக்கு வரக் குறிகட்டுவான் துறையில் படகு ஏறவில்லை.

தாரிகாவிடம் ஐந்தாவது விளக்கம் இருந்தது. அது அச்சுக்குப் போக இரண்டு மாதம்.

"செத்த ஆக்களின்ரை பேரை நாங்கள் ஏன் பிள்ளை ஒளிக்கிறம்? பேரைச் சொல்லித்தானே பூசை குடுக்கிறது," என்றாள் அந்தோனியம்மா. "அந்தாள் சாகேல்லை. ஆமிக்காரர் அந்தாளைத் தேடித் திரிஞ்சாங்கள், இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறினது. அந்த வெள்ளைக்கார மனுசி எல்லாத்தையும் கொப்பியில எழுதும். கொப்பி ஆரின்ரை கையில போகுமெண்டு ஆருக்குத் தெரியும்? கடலில செத்ததெண்டு சொன்னம். ஊரும் வாய் திறக்கேல்லை."

தாரிகாவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் மண்ணிலேயே குந்திவிட்டாள்.

"பிறகு எப்ப திரும்பி வந்தவர்?"

"இன்னும் வரேல்லை."

அடுத்த நண்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, யன்னலில் செருகியிருந்த கடதாசியை அந்தோனியம்மா தாடையால் காட்டினாள்.

"கை ஈரம். உந்தக் கடதாசியில ஒருக்கால் எழுதித் தாரும்."

மறுநாள் ஆத்துமாக்களின் திருநாள். பூசையில் வாசிப்பதற்கு, குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை அன்று பின்னேரத்துக்குள் கோயிலில் கொடுக்க வேண்டும்.

அந்தோனியம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். தகப்பன் பஸ்ரியாம்பிள்ளை. தாய் சின்னத்தங்கம். தம்பி ஜோர்ஜ்.

தாரிகா மூன்றையும் எழுதினாள். அந்த மனுஷன் போய் நாற்பது வருடம் என்று மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். நாலாவது வரியில் பேனாவை வைத்தபடி காத்திருந்தாள்.

"அவ்வளவுதான்," என்றாள் அந்தோனியம்மா. "கடதாசியை மடியும்."