நெடி

“ச்சே, இந்த நாத்தத்துல மனுஷன் நிப்பானா?”

பள்ளி வேன் டிரைவர் கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திக்கொண்டார். வண்டிப் பட்டறை முழுக்கப் பழைய ஆயில், கருகிய ரப்பர், போதாக்குறைக்கு மூலையில் பூனை அசிங்கம் செய்த சாக்கு.

வேனைக் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்கள். ஒரே மாதத்தில் இது நான்காவது முறை. காலையில் இருபத்திரண்டு பிள்ளைகள் பையைச் சுமந்துகொண்டு ரோட்டோரம் காத்து நின்றதுதான் மிச்சம்.

மெக்கானிக் ஒரு பெண். அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை.

“போன மாசம் உன்கிட்ட சர்வீஸுக்கு விட்டதுலேர்ந்துதான்மா இந்தத் தொல்லை. என்னத்தைக் கிழிச்சு வச்சே?”

அவள் ஸ்பார்க் வருகிறதா என்று காட்டும் சின்ன விளக்கை பிளக் வயரில் மாட்டினாள். “ஏறி சாவியைத் திருப்புங்கண்ணே.”

அவர் ஏறிக் கதவைச் சாத்தி, ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டு திருப்பினார். இன்ஜின் சுற்றியது, பற்றவில்லை. விளக்கும் எரியவில்லை.

அவரை இறக்கிவிட்டு, கதவுகளையெல்லாம் பத்து நிமிஷம் திறந்து போட்டாள். பிறகு தானே ஏறித் திருப்பினாள். விளக்கு பளிச் பளிச்சென்று அடிக்க, வேன் உடனே கிளம்பிவிட்டது.

அணைத்துவிட்டு மறுபடி அவரை ஏறச் சொன்னாள். வேன் மறுபடி மக்கர் செய்தது. மூன்று தடவை இதே கூத்து.

குரங்கு கையில் பூமாலையாக நல்ல வண்டியைக் கொடுத்தாயிற்றே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இன்னொரு நாள் பிள்ளைங்க ரோட்டுல நின்னா, வேலைக்கு வராதேன்னு ஹெட்மாஸ்டர் சொல்லிட்டாரு. கோளாறு வண்டிலதான், என் மேல தப்பில்லன்னு எழுதிக் குடு. என் பொழைப்பே அதுலதான் இருக்கு.”

“தெரியும்ணே. அதான் ஒரு தடவைக்கு மூணு தடவையா பாத்தேன். ஹெட்மாஸ்டரும் எழுதித்தான் கேட்டிருக்காரு.”

கையைத் துடைத்துக்கொண்டு எழுதி நீட்டினாள். அவர் கைக்குட்டையை இறக்கிவிட்டு வாசித்தார்.

‘இக்னிஷனில் எந்தக் கோளாறும் இல்லை.’

“என்னம்மா விளையாடறியா? அப்புறம் எனக்கு மட்டும் ஏன் எடுக்க மாட்டேங்குது?” என்று அவள் முகத்துக்கு நேராகப் போய்க் கத்தினார்.

அவள் முகத்தைச் சுளித்து இரண்டடி பின்னால் நகர்ந்தாள். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பொட்டு மாதிரி ஒட்டியிருந்த கறுப்புச் சில்லைக் காட்டினாள்.

“அது ஹெட்மாஸ்டர் வைக்கச் சொன்ன மூக்குண்ணே. சாராய நெடி பட்டா ஸ்பார்க்கை விடாது.”