திருத்திய வரைபடம்

"தரை எட்டடி உசரத்துல இருக்கணும்னு எத்தனை வாட்டி சொல்றது ஐயா? நீங்க என்னடான்னா ஜன்னலை மாத்திட்டு வந்து நிக்கறீங்க!"

கட்டட அனுமதிப் பிரிவு இன்ஜினியருக்குக் குரல் உயர்ந்துவிட்டது. வியாழக்கிழமை தவறாமல் இந்தப் பெரியவர் ஒரு வரைபடத்தோடு வந்துவிடுவார். ஆற்றங்கரை மனை. போன வெள்ளம் வீட்டையே வழித்துக்கொண்டு போன இடம்.

"வீட்டுக்காரிதான் சொன்னா மேடம். சமையக்கட்டு ஜன்னல் ஆத்தைப் பார்த்து இருக்கணுமாம்."

"அதான் ஆறே உள்ள வந்து பார்த்துட்டுப் போச்சே, போதாதா? அந்த இடத்துக்கு எவனும் வெள்ள இன்சூரன்ஸ் தரமாட்டான். இன்சூரன்ஸ் இல்லாம அனுமதி கிடையாது."

"சரி மேடம்" என்றார். நகரவில்லை. வரைபடத்தின் மடிப்பை ஆசையாக நீவிக்கொண்டிருந்தார்.

"பட்டும் புத்தி வரலை பாருங்க" என்று சிரித்தார் பக்கத்து மேஜை கிளார்க்.

இன்றைக்கு ஒரேயடியாக முடித்து அனுப்பிவிட வேண்டியதுதான். இதுவரை முதல் பக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தவள், முதல்முறையாக மனை எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினாள்.

வந்ததை இரண்டு முறை படித்தாள்.

"ஐயா... இது இப்ப உங்க மனையே இல்லையே! வெள்ளம் வந்தா ஆத்துத் தண்ணி பரவறதுக்குன்னு ரெண்டு வருஷம் முன்னாடியே அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கீங்க. அந்தத் தெருவுலேயே முதல் கையெழுத்து உங்க வீட்டம்மாவோடது!"

"ஆமா மேடம். பின்தெருவுல நூறு வீடு இருக்கு. எங்க மனையில தண்ணி நின்னா அங்க ஏறாதுன்னாங்க. அவதான் முதல்ல பேனாவைக் கேட்டா."

"அப்புறம் எதுக்கு இந்த அலைச்சல்?"

பெரியவர் கொஞ்சம் கூச்சப்பட்டார்.

"முப்பது வருஷம் வாழ்ந்த வீடு. இப்ப அஞ்சாவது மாடியில வாடகைக்கு இருக்கோம். சாயங்காலமானா ரெண்டு பேரும் உட்கார்ந்து வரைவோம். வெறுமனே வரைஞ்சா மனசு ஆற மாட்டேங்குது மேடம். யாராச்சும் பார்த்து ஒரு குறை சொன்னாத்தான், நிஜமாவே கட்டப்போற மாதிரி இருக்கு. நான் போய்ப் படியேறினதும், 'என்ன சொன்னாங்க, என்ன சொன்னாங்க'ன்னு கேப்பா..."

கிளார்க் ஃபைலுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

இன்ஜினியர் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தாள். மூலை மூலையாகப் பார்த்தாள். பென்சிலால் ஒரு இடத்தில் வட்டம் போட்டாள்.

"குளியலறைக்கு வெளிச்சமே வராதே ஐயா. அம்மாகிட்ட சொல்லி, மாத்தி வரைஞ்சு அடுத்த வியாழக்கிழமை கொண்டாங்க."