அழித்த கட்டங்கள்

வகுப்பில் எப்போதும் முதலாவதாக வரும் பத்து வயது மிருதுளா, மூன்று மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை. மனநல மருத்துவமனையில் நர்ஸ் ஒரு கேள்வித்தாள் கொடுத்தாள். அழுகை வருகிறதா, யாருக்கும் வேண்டாதவளாகத் தோன்றுகிறதா என்று இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 'இல்லை'யில் தொடங்கி 'எப்போதும்' வரை நான்கு கட்டங்கள்; 'இல்லை'க்குப் பூஜ்யம், 'எப்போதும்' என்றால் மூன்று மதிப்பெண். மிருதுளா முடித்ததும் நர்ஸ் கூட்டிப் பார்த்தாள்.

"பூஜ்யம்தான் வந்திருக்கு. பாப்பா நல்லாத்தான் இருக்கா, கவலைப்படாதீங்கம்மா."

அம்மா செண்பகாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தாளைக் கையில் வாங்கியபோது விரலில் ஏதோ நெருடியது. 'எப்போதும்' கட்டங்களில் பென்சிலால் அழுத்திப் போட்டு, பிறகு ரப்பரால் சுத்தமாக அழித்த டிக்குகளின் பள்ளங்கள்.

பரீட்சை எழுதிவிட்டு வரும்போது கேட்பதுபோலவே மிருதுளா கேட்டாள்.

"எல்லாம் சரியாப் போட்டிருக்கேனாம்மா?"