கூட ஓர் இலை

"வாங்க தொரை! இங்கிலீஷ் பரீட்சை எழுத இந்த மேசை போதுமா, லண்டன்ல இருந்து ஒண்ணு வரவழைக்கவா?"

கேட்டவர் தமிழ்ப் பேராசிரியர் ஞானசிகாமணி. அன்றைக்கு அந்த அறைக்கு அவர்தான் கண்காணிப்பாளர். வாங்கிக்கட்டிக்கொண்டவன் ஒச்சாண்டி, மயிலாடும்பாறைக்காரன். ஹால் டிக்கெட்டை நீட்டினான்.

அறையில் மொத்தமே இரண்டு பேர். இன்னொருவன் கென்யாவிலிருந்து தேனிக்கு வந்து படிக்கிற மோசஸ் ஒடியாம்போ. வெளிநாட்டு மாணவர்கள் தமிழுக்குப் பதிலாகச் சிறப்பு ஆங்கிலம் எழுதலாம் என்று எழுபதுகளில் பல்கலைக்கழகம் விதி வைத்திருந்தது. உள்ளூர்க்காரனும் விரும்பினால் எழுதலாம். ஆனால் எவன் விரும்புவான்?

ஒச்சாண்டி விரும்பினான்! அதுதான் ஞானசிகாமணி ஐயாவுக்கு ஆறவில்லை.

நின்ற இடத்தில் வெண்பா கட்டுகிற பயல். பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பதக்கம் இவனுக்குத்தான் என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் அவர் பெருமையடித்து வைத்திருந்தார். அவனோ வருஷ ஆரம்பத்திலேயே தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்துக்குத் தாவிவிட்டான். ஏன் என்று கேட்டதற்குத் தலையைச் சொறிந்தான். அன்றிலிருந்து ஐயா அவனிடம் வாய் திறப்பது ஏசுவதற்கு மட்டும்தான்.

கேள்வித்தாளைக் கொடுத்தார்.

மோசஸின் பேனா ஓடியது. ஒச்சாண்டியின் பேனா நொண்டியது. எழுதினான், அடித்தான், மறுபடி எழுதினான். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பதக்கம் போனது போகட்டும், இதில் தேறாவிட்டால் பட்டமும் கிடையாது. அத்தனை கோபத்திலும் ஐயா எழுந்துபோய் அவன் தலைக்கு மேலிருந்த ஃபேனைப் போட்டுவிட்டு வந்தார்.

மோசஸ் வெகு சீக்கிரமே எழுதி முடித்துவிட்டான்.

"முடிஞ்சா நீ போகலாம்ப்பா" என்றார் ஐயா.

"இருக்கேன்யா. அவன் முடிக்கட்டும்."

தமிழில்தான் சொன்னான். ஐயா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மணி அடித்ததும் விடைத்தாள்களை வாங்கினார். அதுவரை அடக்கி வைத்திருந்தது வெடித்தது.

"பெத்தவ கிழிசலோட நிக்கையில அடுத்த வீட்டுக்காரிக்குப் பட்டு எடுத்துக் குடுத்தவன்லே நீ! இனிமே என் மூஞ்சியில முழிக்காத!"

"சரிங்கய்யா."

தலையைக் குனிந்துகொண்டு ஒச்சாண்டி வெளியே போனான். மோசஸ் போகவில்லை.

"ஐயா, அவனை ஏசாதீக."

அசல் தேனித் தமிழ். ஐயா நிமிர்ந்து பார்த்தார்.

"ஒத்த ஆளுக்கு வகுப்பு நடத்த முடியாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாக. ரெண்டு பேராவது சேரணுமாம். வகுப்பு இல்லேன்னா பரீட்சை இல்லை. பரீட்சை எழுதலேன்னா எங்க சர்க்கார் ஸ்காலர்ஷிப்பை நிறுத்திரும். படிப்பைப் பாதியில விட்டுட்டு ஊருக்குத்தான் போகணும். கூட வாங்கடான்னு ஒவ்வொருத்தன் கையையும் பிடிச்சுக் கேட்டேன். எல்லாருக்கும் இங்கிலீஷ்னா பயம்."

"ஒச்சாண்டிக்குப் பயம் இல்லையாக்கும்?"

"அவனுக்குத்தான்யா ரொம்பப் பயம். ஆனாலும் வந்தான்."

ஐயா கையிலிருந்த தாள்களை மெதுவாக மேசையில் வைத்தார்.

"பதக்கம் போயிருமேடான்னு கேட்டேன். 'வீட்டுக்கு வந்தவனை ஒத்த இலையில உக்கார வச்சா அவனுக்குச் சோறு எறங்குமா? கூட ஒரு இலை போடணும். எங்க ஐயா நடத்துன பாடம்'னு சொன்னான்."

"என்கிட்ட ஏன் சொல்லல அவன்?"

"சொன்னா நீங்க விட மாட்டீகளாம்."

உண்மைதான். விட்டிருக்க மாட்டார். நடத்திய பாடம் அவருக்கு மறந்துபோயிருந்தது, படித்தவனுக்கு மறக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிய பிறகும் எதிரில் நின்றவன் கலங்கலாகத்தான் தெரிந்தான்.

"தமிழ் பூரா அவன்தான்யா சொல்லிக்குடுத்தான். ஒரே ஒரு வார்த்தையை மட்டும் கேட்டுக்கேட்டுப் பாத்துட்டேன், 'நமக்குள்ள அது எதுக்குடா?'ன்னு சொல்லித் தர மாட்டேங்கிறான். நீங்களாச்சும் சொல்லுங்க. தேங்க்ஸுக்குத் தமிழ்ல என்னய்யா?"

ஐயா வாயைத் திறந்தார். ஜன்னல் வழியே பார்த்தார். கேட்டுக்கு வெளியே மயிலாடும்பாறை பஸ்ஸை எதிர்பார்த்து ஒச்சாண்டி நின்றுகொண்டிருந்தான்.

மோசஸின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

"வாப்பா, பஸ்ஸு வந்துரப் போகுது. அவன்கிட்ட மொதல்ல நான் சொல்றேன். கேட்டு நீ கத்துக்க."