கையுறைப் பதிவேடு

குழித்துறைப் பக்கம் முந்திரி உடைக்கும் அண்டி ஆபீஸில், இன்று காலை உறை பிரித்த புது ரப்பர் கையுறைகள் வாடை மாறாமல் மேசைமேல் கிடக்கின்றன. வருஷந்தோறும் கையுறை கொடுத்ததாக முதலாளி ஞானசிகாமணி நீட்டிய பதிவேட்டில் நாற்பது பெண்களின் பெயருக்கு நேரேயும் நீலக் கைநாட்டு. தொழிலாளர் ஆய்வாளர் மை டப்பாவை அவர்களில் ஒருத்தியான ரெத்தினபாய் பக்கம் தள்ளுகிறார். முந்திரி தல்லி உடைத்த இருபது வருஷத்தில் தோட்டெண்ணெய் தின்ற பெருவிரலை அவள் வெள்ளைத்தாளில் பதிக்கிறாள். வெறும் நீலத்திட்டு. "ஏட்டி, ஒழுங்கா அமுக்கு!" என்று சீறுகிறார் ஞானசிகாமணி. "அண்டி தல்லுகவளுக்கு ரேகை ஏது மொதலாளி?" அவள் அவரை முறைத்தபடியே நிற்கிறாள். பதிவேட்டிலோ நாற்பது கைநாட்டிலும் ரேகை தெளிவாய்ச் சுழிகிறது, ஒரே சுழி. ஆய்வாளர் டப்பாவை முதலாளி பக்கம் நகர்த்துகிறார். ஞானசிகாமணி பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்கிறார்.